வாசல் மறிச்சவன்

அந்தப் போட்டோவைப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்கீங்க. எனக்குத் தெரியும் அண்ணாச்சி. 'இந்தப் பக்கம் ஒரு ஜோலியா வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போவோம்னு'ன்னு எல்லாம் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் நிச்சயத்தை வச்சிக்கிட்டு, ஸ்ரீவைகுண்டத்துல இருந்து இந்த வேகாத வெயில்ல தூத்துக்குடிக்கு யாரு ஜோலியா வருவா? உக்காருங்க. இங்கன, ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

உங்களைத் தப்பு சொல்லல. தங்கச்சியைக் கட்டிக் குடுக்கப் போற பையன் கையில கத்தியோட நிக்கான், பின்னால வெள்ளைக் கவுன் போட்ட கல்யாணப் பொண்ணு ஒருத்தி சிரிச்சிக்கிட்டு நிக்கான்னா, அண்ணன்காரன் கேக்கத்தான் செய்யணும். நானா இருந்தா நேத்தே வந்திருப்பேன். யாரு காட்டினா, உங்க சித்தப்பா மகனா? அவன் எதையும் தோண்டி எடுக்கிற ஆளுதான். பரவாயில்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். அவ எனக்குத் தங்கச்சி முறை. நானா சொல்லல, ஒரு ஊரே சாட்சி. மேளம் அடிச்சி, கூட்டம் கூட்டி, என்னை அண்ணன்னு நிக்க வச்சாவ. அதனால உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஆனா நடந்ததை முழுசாச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். அவ எனக்குப் பண்ணினது துரோகமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப ஷிப்பிங் கம்பெனியில இருக்கேன்லா, இதுக்கு முன்னாடி. என்ஜினீயரிங் முடிச்சிட்டுச் சும்மா கிடந்தேன். அப்ப ஒரு தொண்டு நிறுவனம், ஆர்மீனியாவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு போட்டிருந்தான். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்குற இடமும் ஒரு குடும்பத்தோட. ஆர்மீனியா எங்க இருக்குன்னு மேப்புலதான் பாத்தேன். ரஷ்யாவுக்குக் கீழ, துருக்கிக்குப் பக்கத்துல. மலைமேல ஒரு சின்ன டவுன். நவம்பர்ல போய் இறங்குதேன், மூக்குல இருந்து வாற தண்ணிகூட உறைஞ்சி போச்சு. நம்ம தூத்துக்குடிக்காரனுக்குக் குளிருன்னா மார்கழி மாசம் ஃபேனை ஒண்ணுல வைக்கிறதுதானே.

என்னைத் தங்க வச்ச வீட்டுல மூணே பேரு. ரூபிக்னு வீட்டுக்காரரு, பள்ளிக்கூடத்துல பாய்லர் பாக்குறவரு. அவர் சம்சாரம் கயானே. ஒரே மக, நைரா. இருபத்திமூணு வயசு, மருந்துக்கடையில வேலை. ஆம்பளைப் பிள்ளை கிடையாது. இதை மனசுல வச்சிக்கிடுங்க, நான்தான் வச்சிக்கிடல.

நல்ல குடும்பம் அண்ணாச்சி. அதுலதான் எனக்கு ஆத்திரமே. கெட்டவங்களா இருந்தா ரெண்டு வார்த்தை வஞ்சிட்டு மறந்திருப்பேன். குளிர் காலத்துல ஒரு ரூம்லதான் அடுப்பு எரியும், எல்லாரும் அங்கனதான் இருக்கணும். அடுப்பை ஒட்டின கட்டிலை எனக்குக் குடுத்துட்டு அவரு கதவோரம் படுத்தாரு. கயானே என்னை வெறுந்தரையில உக்கார விட மாட்டா, செருப்பில்லாம நடக்க விட மாட்டா. தட்டுல காலி இடம் தெரிஞ்சா அவளுக்குப் பொறுக்காது, லவாஷ்னு துணி மாதிரி மெல்லிசா ஒரு ரொட்டி, அதை மடிச்சி மடிச்சி வைப்பா. 'முத்து ஜான், சாப்பிடு'ம்பா. பேச்சிமுத்துன்னு சொல்ல வாய் வரல. ஜான்னா நாம 'கண்ணு'ம்போம்லா, அது மாதிரி.

நைராவும் முத்து ஜான்னுதான் கூப்பிட்டா.

எனக்குக் காய்ச்சல் வந்துச்சி, போன புதுசுல. மலைப்பூண்டு ஏதோ போட்டு டீ வச்சிக் குடுத்துட்டு, பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து அவங்க பாஷையில ஒண்ணு சொன்னா. என்னன்னு கேட்டேன். 'உன் வலியை நான் எடுத்துக்கிடுதேன்'னு அர்த்தமாம். யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல ஒரு பொண்ணு ஒரு பையனைப் பாத்து இப்படிச் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? பின்னால பாத்தா அந்த ஊர்ல காய்கறிக்காரியும் அதையேதான் சொல்லுதா, வேன் டிரைவரும் சொல்லுதான், கயானே பசுமாட்டுகிட்டக்கூடச் சொல்லுதா. அது சரி. ஆனா நைரா சொன்ன விதம் வேற. அது எனக்குத்தான் தெரியும்.

கம்பளி நூல்ல காலுறை பின்னிக் குடுத்தா. தமிழ்ல வார்த்தை கேட்டுக் கேட்டுப் படிச்சா. நான் எங்க அம்மாவைப் பத்தி, என் சொந்தத் தங்கச்சி மாரிச்செல்வியைப் பத்தி என்ன சொன்னாலும் கன்னத்துல கையை வச்சிக்கிட்டுக் கேப்பா. எல்லாத்துக்கும் மேல அந்தச் சனிக்கிழமை.

சனிக்கிழமை அவளுக்குக் கடைத்தெருவுல வேலை இருக்கும். அங்க வயசுப் பொண்ணு கண்ட கண்ட ஆளோட நடந்து போனா ஊரு பேசும், தனியா ரொம்ப நேரம் சுத்துனாலும் பேசும். நம்ம ஊர் மாதிரிதான். ரூபிக் என்ன சொன்னாருங்கீங்க? 'முத்துகூடப் போயிட்டு வா'ன்னாரு. அவரா சொன்னாரு, என் காதால கேட்டேன். வயசுப் பொண்ணை, வயசுப் பையன்கூட, நீங்க அனுப்புவீங்களா? முறை மாப்பிள்ளைன்னு மனசுல முடிவு பண்ணாம எந்தத் தகப்பன் அனுப்புவான்? நான் வேற எப்படி அண்ணாச்சி எடுத்துக்கிட முடியும்?

போவோம். பனியில வழுக்காம அவ முன்னால நடப்பா, நான் அவ மிதிச்ச தடத்துல மிதிச்சிப் போவேன். வழியில ஒரு டயர் கடை, பஞ்சர் ஒட்டுற கடை. நமக்கு அங்க என்ன ஜோலி, நமக்குச் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனா குளிருக்குக் கொஞ்சம் ஒதுங்கிட்டுப் போவோம்பா. சரின்னு ஒதுங்குவோம். கடைக்காரப் பையன் பேரு வாஹே. என்மேல அவனுக்கு அம்புட்டுப் பிரியம். கண்டதும் கட்டிப் பிடிப்பான், ரெண்டு பையிலயும் சூரியகாந்தி விதையை வறுத்து ரொப்பிடுவான், கையைப் பிடிச்சி உள்ள கூட்டிட்டுப் போய் அவங்க அப்பாகிட்ட உக்கார வைப்பான். அவருக்குக் காது கேக்காது. நர்தின்னு தாயம் மாதிரி ஒரு விளையாட்டு, அதை என்கூட விளையாடுவாரு. நான்தான் ஜெயிப்பேன். ஒரு ஆட்டம் முடிஞ்சதும் வாஹே உள்ள எட்டிப் பாத்து 'இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம்'பான்.

நான் விளையாடி முடிக்கிற வரைக்கும் நைரா வெளிய பொறுமையா நிப்பா. ஒருநாளும் 'நேரமாச்சு, கிளம்பு'ன்னு சொன்னதே இல்ல. எனக்காக இவ்வளவு பொறுமையான்னு நான் நினைச்சிக்கிடுவேன்.

சிரிக்காதீங்க. இப்ப உங்களுக்குப் புரியுது. மாரிச்செல்வி ஒரு கடை வாசல்ல அப்படி நின்னிருந்தா எனக்கும் பத்து நிமிசத்துல புரிஞ்சிருக்கும், காலை ஒடிச்சிருப்பேன். அண்ணன்னா புரியும். நான் அங்க அண்ணனா நிக்கலையே.

பனி உருகினதும் ரூபிக்கிட்ட நேராக் கேட்டுடலாம்னு முடிவு பண்ணினேன். அதுக்குள்ள அவங்க பேச்சு எனக்கு ஓரளவு புரியும், பேசத்தான் தடுமாறும். 'உங்க மகளைக் கட்டிக்கிட ஆசைப்படுதேன்'ங்கிறதை அவங்க பாஷையில எழுதி மனப்பாடம் பண்ணினேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன்கிட்டதான் கேட்டேன், என் கூட்டாளிக்காகன்னு சொல்லி. இங்க அம்மாகிட்டயும் பக்குவமாச் சொல்லிட்டேன். அழுதா, ரெண்டு நாளு பேசல. அப்புறம் 'அந்தப் பிள்ளை சேலை கட்டுமால'ன்னு கேட்டா. கட்டும்மான்னேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரூபிக் என்னைக் கூப்பிட்டு, 'சாயங்காலம் முக்கியமான ஆளுங்க வாறாவ. நல்ல சட்டை போட்டுக்கோ. என் பக்கத்துலதான் உக்காரணும்'னாரு. சொல்லும்போது கண்ணு கலங்கிச்சி. கயானே என்னைப் பிடிச்சி நெத்தியில முத்தம் குடுத்தா. நைரா தலையைக் குனிஞ்சிக்கிட்டு உள்ள போயிட்டா. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? நான் வாயைத் திறக்கும் முன்னாடியே இவங்களே பேசி முடிக்கப் போறாவன்னு நினைச்சேன். அம்மாவுக்கு போன் போட்டு, 'இன்னைக்குப் பேசுதாவம்மா'ன்னேன். சட்டையை ரெண்டு தடவை அயர்ன் பண்ணினேன்.

வாசல்ல கார் வந்து நிக்கி. பூச்செண்டு, கோன்யாக் பிராந்தி பாட்டில், சாக்லேட் பெட்டி. பெரிய ஆளுங்க நாலஞ்சு பேரு இறங்குதாவ. அதுல எனக்கு நர்தி சொல்லிக் குடுத்த செவிட்டு மனுசன். அவர் பின்னால கோட்டு போட்டுக்கிட்டு, தலையைப் படிய வாரிக்கிட்டு, வாஹே.

அப்பக்கூட, சொன்னா நம்ப மாட்டீங்க, அப்பக்கூட என் பக்கத்துல நிக்கத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன்.

அங்க பொண்ணு கேக்க வாறவங்க நேராக் கேக்க மாட்டாவ. 'உங்க அடுப்புல இருந்து ஒரு பிடி சாம்பல் எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்'பாவ. அப்படித்தான் வாஹேயோட பெரியப்பா எந்திரிச்சிச் சொன்னாரு. சொன்னதும் ரூபிக் என் பக்கம் திரும்பினாரு. அத்தனை பேரும் என்னையே பாக்காவ. 'முத்து, எனக்கு மகன் இல்ல. நீதான் அவகூட நடந்தே. இந்தப் பையனை உனக்குத் தெரியும்ங்காவ. அண்ணன் நீ சொல்லு. குடுக்கலாமா?'

அண்ணன்.

அவரு என்னை மகனா நினைச்சித்தான் கூட அனுப்பியிருக்காரு. சனிக்கிழமை, சனிக்கிழமை. நான் மாப்பிள்ளைன்னு நினைச்சிக்கிட்டு நடந்திருக்கேன். அவ காவலுக்கு ஒரு ஆளுன்னு நினைச்சிக் கூட்டிட்டுப் போயிருக்கா. ஒரே ரோட்டுல மூணு பேருக்கு மூணு கணக்கு.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி. இவங்க ரெண்டு பேரும் குளிர்காலம் பூரா என்னை உள்ள உக்கார வச்சிட்டு வெளிய நின்னு பேசினாவன்னு ஒரு வார்த்தை. ரூபிக் ரோசக்காரரு. அத்தோட எல்லாம் முடிஞ்சிருக்கும். அடுக்களைக் கதவுகிட்ட நைரா காப்பித் தட்டோட நிக்கா. என்னைத்தான் பாக்கா.

'நல்ல பையன்தான். குடுங்க'ன்னேன்.

கைதட்டினாவ, கிளாஸை முட்டிக்கிட்டாவ. வாஹே ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சான். அம்மா விடாம போன் அடிக்கா, நான் எடுக்கல.

மே மாசத்தோட எனக்கு வேலை முடிஞ்சிச்சி. கல்யாணம் ஜூன்ல. கிளம்பியிருக்கலாமேன்னு கேக்கீங்க. டிக்கெட் மாத்துறதுல சிக்கல். பள்ளிக்கூடத்துலயும் கொஞ்சம் வேலை பாக்கி இருந்துச்சி. வேற காரணம் ஒண்ணுமில்ல.

நைரா என்கிட்ட வந்து, 'நீதான் வாசல்ல நிக்கணும்'னு சொன்னா. அங்க பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்காரன் கூட்டிட்டுப் போகும்போது, பொண்ணோட அண்ணன் தம்பி கத்தியை வச்சிக்கிட்டு வாசலை மறிப்பான். 'என் தங்கச்சியைச் சும்மா அனுப்ப மாட்டேன்'னு நிப்பான். அவங்க ஏதாவது குடுத்து, கெஞ்சி, பாடி, ஆடி வழி வாங்கணும். எவ்வளவு நேரம் நிக்கானோ அவ்வளவு பொண்ணுக்குப் பெருமை. சித்தப்பா மகன் யாராவது இருப்பான்லா, அவனை நிறுத்துன்னேன். 'இல்ல, நீ'ன்னா.

கத்திக்கு முன்னால செருப்பு. அதுவும் அண்ணன்தான் போட்டு விடணும். உள்ரூம்ல நாற்காலியில வெள்ளைக் கவுன்ல உக்காந்திருக்கா. நான் கீழ முட்டி போட்டு உக்காந்து அவ பாதத்தைக் கையில எடுக்கேன். நம்ம ஊர்ல மெட்டி போடுதப்ப அம்மி பக்கத்துல பொண்ணு காலைப் பிடிக்கிறது யாரு? மாப்பிள்ளைதானே. அது அவளுக்குத் தெரியாது, அங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்லா. வலது பாதம், ரெண்டாவது விரலு. அதுல நான் ஏற்கனவே எத்தனையோ தடவை மெட்டி போட்டாச்சு மனசுல. அந்த விரலைத் தொடாம எப்படிச் செருப்பு மாட்டினேன்னு கேளுங்க.

என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி ஆகுது? நடந்ததைத்தானே சொல்லுதேன்.

அப்புறம் வாசல். நம்ம நாதஸ்வரம் மாதிரி ஒண்ணு ஊதுதாவ, தவில் மாதிரி ஒண்ணு அடிக்காவ, தெரு பூரா ஆளு. ஆட்டுக்கறி வெட்டுற கத்தியை ரூபிக் என் கையில குடுத்துட்டாரு. நான் நிலைக்கு நடுவுல நின்னேன். வாஹேயோட பெரியப்பா சிரிச்சிக்கிட்டே பாட்டிலை நீட்டினாரு. முடியாதுன்னேன். பணத்தை நீட்டினாரு. முடியாதுன்னேன். கூட்டம் ஓன்னு கத்துது, 'பாரு, அண்ணன்னா இப்படி இருக்கணும்'னு. வாஹே வந்து ஆடினான். முடியாது. அவங்க அம்மா கையில கிடந்த வளையலைக் கழட்டினா. முடியாது.

எனக்கு விளையாட்டு இல்ல அண்ணாச்சி. சத்தியமா நான் விடக் கூடாதுன்னுதான் நின்னேன். அதை அங்க ஒரு ஆளு புரிஞ்சிக்கிடணுமே! கயானே தேம்பித் தேம்பி அழுதா, 'நான் பெத்திருந்தாக்கூட இப்படி நின்னிருக்க மாட்டான்'னு. போட்டோக்காரன் பாய்ஞ்சி பாய்ஞ்சி எடுக்கான். நான் ஒரு மனுசன் கிடந்து வேகுதேன், ஊரு கூடி அதுக்குக் கைதட்டுது.

நேரம் ஆக ஆகக் கைதட்டுறது குறைஞ்சிச்சி. மேளம் நின்னு போச்சு. ரூபிக் மெதுவா, 'முத்து ஜான், போதும்பா'ன்னாரு. நான் நகரல.

அப்ப பின்னால அவ வந்து நின்னா. என் தோளுக்குப் பின்னால, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, 'எனக்குத் தெரியும் முத்து. காய்ச்சல்ல கிடந்தப்பவே தெரியும்'னா.

எல்லாத்தையும் மன்னிச்சிடுவேன். டயர் கடையை மன்னிச்சிடுவேன், சூரியகாந்தி விதையை மன்னிச்சிடுவேன். தெரியாம பண்ணினான்னு நினைச்சித்தான் அதுவரைக்கும் நின்னுக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என்னை அந்த அப்பாகிட்ட 'குடுங்க'ன்னு சொல்ல வச்சிருக்கா, தெரிஞ்சே காலை நீட்டியிருக்கா.

'தெரிஞ்சுமா என்னை நிறுத்தினே?'ன்னு கேட்டேன்.

'தெரிஞ்சதாலதான். இந்த ஊர்ல கல்யாணம் ஆனவளுக்கு வெளி ஆம்பளை கூட்டாளியா இருக்க முடியாது. நாளைக்கு நீ யாரோ. என் வீட்டு வாசப்படி ஏற முடியாது. அண்ணன்னு நின்னுட்டா, சாகுற வரைக்கும் என் வீட்டுல உனக்கு நாற்காலி உண்டு. நீ யாரோவா ஆயிடக் கூடாதுன்னு எனக்கு வேற வழி தெரியல'ன்னா.

நான் திரும்பிப் பாத்தேன். போட்டோ எடுத்தது அப்பத்தான். அவ சிரிக்கிறதா உங்களுக்குத் தெரியுது. அது சிரிப்பில்ல, அழாம இருக்கிறதுக்காக வாயை இழுத்துப் பிடிச்சிக்கிட்டு இருக்கா. பெரிசாக்கிப் பாத்தீங்கன்னா தெரியும். நான் பெரிசாக்கிப் பாத்திருக்கேன்.

நகந்துட்டேன். ஒண்ணும் வாங்கிக்கிடல, சும்மா வழியை விட்டேன். அதுக்கும் கைதட்டினாவ.

அவ்வளவுதான். மூணு வருசம் ஆகுது. நாள் கிழமைன்னா போன் பண்ணுதா, வா வாங்கா. நான் போகல, போகவும் மாட்டேன். நாற்காலி போட்டு உக்கார வச்சி எனக்கு அங்க என்ன விருந்து வேண்டிக் கிடக்கு? ஆக உங்க தங்கச்சி கவலைப்படுறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல. என் மனசுல எதுவும் கிடையாது. இருந்தா உங்ககிட்ட உக்காந்து இவ்வளவு விவரமாச் சொல்லுவேனா?

ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு. அதையும் சொல்லிடுதேன், நாளைக்கு வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது.

கல்யாணம் முடிஞ்ச அந்த வாரமே கிளம்பினேன். வேன் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தாவ. ஒரு குளிர்காலம் பூரா ஒரே ரூம்ல, ஒரே அடுப்புச் சூட்டுல இருந்திருக்கோம். உப்பு எடுத்துக் குடுக்கும்போதுகூட அவ விரலு என்மேல பட்டதில்ல. பட்டா ஊரு பேசும். அன்னைக்கு நடு ரோட்டுல, பழக்கடைக்காரி, டிரைவரு, என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க அத்தனை பேரும் பாக்க, ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சா அண்ணாச்சி. கழுத்துல முகத்தை வச்சி அழுதா. ஒரு ஆளு தப்பாப் பாக்கல. அண்ணன் ஊருக்குப் போறான், தங்கச்சி அழுதா, அவ்வளவுதானே. அவ புருசன் என் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, எம்புட்டு நேரம் வேணாலும் அழட்டும்னு பக்கத்துலயே சிரிச்சிக்கிட்டு நிக்கான்.

நான் முதுகுல ஒரு தடவை தட்டிக் குடுத்தேன். அண்ணன் தட்டிக் குடுக்கிற மாதிரி. அதுக்கு மேல கையை எங்க வைக்கன்னு எனக்குத் தெரியல.